ஆடிட் நாள்

வீட்டில் ஆடிட் என்று சொல்லியிருந்தேன்.
மெகருன்னிசா மருந்துக்கடைக்கு என்று சொல்லியிருந்தாள்.
கம்பத்தில் ஏறும்போது
ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல
அவள் பின்வாசல், நான் முன்வாசல்.
லோயர்கேம்ப் தாண்டியதும்தான்
ஒரே சீட்டுக்கு வந்தோம்.

மலைச் சரிவில் ராட்சதக் குழாய்கள்
பவர்ஹவுஸை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.
உள்ளே அவ்வளவு தண்ணீர்,
வெளியே ஒரு சத்தமும் இல்லை.
"நம்மளாட்டமே" என்றாள்.
எனக்கு விளங்க இரண்டு கொண்டையூசி வளைவு பிடித்தது.

குமுளியில் நம் பேருந்துகள்
கோட்டுக்கு இப்பால் நின்றுவிடும்.
இறங்கி நடக்கவேண்டும்.
இந்தப் பக்கம் டீ, அந்தப் பக்கம் சாயா,
இரண்டிலும் ஒரே சர்க்கரை.
காவலர் ஒரு வேனை நிறுத்தி
கோழிக்கூண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
எங்களை யாரும் எண்ணவில்லை.
கைப்பைக்குள் போன் ஒருமுறை துள்ளியது:
கேரளம் உங்களை வரவேற்கிறது.
இனி வருகிற அழைப்புக்கும் காசு.

கடைத்தெருவில் ஏலக்காய்க்கு விலை கேட்டு
போடி விலையைச் சொல்லிச் சண்டை போட்டாள்.
வாங்கவில்லை. வாங்கினால்
மருந்துக்கடை மணக்கும் அல்லவா.

படகுத்துறையில் மிதவை உடை கொடுத்தார்கள்.
யாருடைய வியர்வையோ இன்னும் காயாமல் இருந்தது.
பர்தாவின் மேல் ஆரஞ்சு நிறம் கட்டிக்கொண்டு
"கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கனா?" என்றாள்.
சிரிப்பதா என்று தெரியாமல்
வார்ப்பட்டையை இழுத்து முடிந்துவிட்டேன்.

இத்தா முடிந்து அன்றோடு பதினோரு நாள்.
நாலு மாதம் பத்து நாள்
ஓர் அறை, ஒரு ஜன்னல்.
வெளியே வந்ததும் கேட்டது ஒன்றுதான்:
நிறையத் தண்ணி பாக்கணும்.

தண்ணீருக்குள் மரங்கள் நின்றன.
இலை இல்லை. பட்டை இல்லை.
நீர் ஏறியபோது
விலகிக்கொள்ளக் கால் இல்லாதவை.
நின்ற இடத்தில் செத்து,
செத்த பிறகும் நூறு வருஷத்துக்கு மேல்
நின்றுகொண்டே இருப்பவை.
ஒன்றின் தலையில் நீர்க்காகம் ஒன்று
நனைந்த குடையை விரிப்பதுபோல
சிறகை விரித்துக் காயவைத்தது.

"எஞ் ஜன்னலுக்கும் ஒரு காக்கா வரும்" என்றாள்.
"பேருகூட வச்சிருந்தேன்."
"என்ன பேரு?"
சொல்லவில்லை.
படகு அந்த மரத்தைத் தாண்டும்வரை
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள்தான் கையை நீட்டினாள்.
அக்கரைப் புல்லில் மூன்று.
தாளிக்கப் போட்டுத் தெறித்த கடுகுபோல,
ஆனால் அசைகின்ற கடுகு.
படகே ஒரு பக்கமாக எழுந்தது.
"இரிக்கணே, இரிக்கணே" என்று விசில் ஊதினார்
காவலர் பிஜுமோன்.
எல்லோரும் உட்கார்ந்தார்கள்.
"சேச்சீ, இரிக்கணே."
அவள் உட்காரவில்லை.
பிஜுமோனும் என்ன நினைத்தாரோ
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

திரும்பும்போது கோட்டில் போன் மறுபடி துள்ளியது.
லோயர்கேம்ப் வந்ததும்
எதுவும் சொல்லாமல் எழுந்து பின்சீட்டுக்குப் போனாள்.
கம்பத்தில் இறங்குகையில் பார்த்தேன்,
கையில் ஒரு பாராசிட்டமால் அட்டை.
எப்போது வாங்கினாள்?

இரவு குழாயைத் திறந்தேன்.
மரங்களின் காலை நனைத்த தண்ணீர்
எங்களுக்கு முன்னாலேயே இறங்கிவந்து
எச்சில் தட்டுக்குக் காத்திருந்ததுபோல் கொட்டியது.
பின்னால், பேலன்ஸ் பார்க்கப் போனை எடுத்தவர்
வெகுநேரம் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.
ஒரு குறுஞ்செய்தி அவ்வளவு நீளமா இருக்கும்?

"ஆனை பாத்தியா?" என்றார்.

குழாயை மூடினேன்.
"மூணு. ரொம்பத் தொலவுல."

"மெகருக்குக் காட்டுனியா?"

"அவதான் எனக்குக் காட்டுனா."